திட எரிபொருள் பூஸ்டர்கள் பறக்கும்போது எப்படித் திரும்புகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக்கெட்டின் இரு பக்கமும் வெண்புகை கக்கிக்கொண்டு எரியும் பூஸ்டர்கள் தள்ளும் வேலையை மட்டும் செய்கின்றன, ஓட்டும் வேலை நடுவில் இருக்கும் எஞ்சினுடையது என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய ராக்கெட்டுகள் பலவற்றில் உண்மை வேறு. புறப்பட்ட முதல் இரண்டு நிமிடமும் ராக்கெட்டை ஓட்டுவதில் பெரும்பங்கு பூஸ்டருக்குத்தான். எப்படி என்பதைக் கேள்வி பதிலாகப் பார்க்கலாம்.

பற்றவைத்தபின் அணைக்க முடியாது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியாது. அப்படிப்பட்ட ஒன்றை எப்படித் திருப்புகிறார்கள்?

நெருப்பு வெளியேறும் திசையை மாற்றித்தான். வேறு எதையும் மாற்ற வழியில்லை.

திட மோட்டாரில் எரிபொருளும், அது எரியத் தேவையான ஆக்சிஜனைத் தரும் பொருளும் சேர்ந்தே கலந்து இறுகிக் கிடக்கின்றன. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் பூஸ்டரில் ஆக்சிஜனைத் தரும் அம்மோனியம் பெர்குளோரேட் ஏறத்தாழ 70 சதவீதம், அலுமினியத் தூள் 16 சதவீதம், மிச்சத்தில் பெரும்பகுதி இவற்றைப் பிணைக்கும் ரப்பர். மூடுவதற்கு வால்வு கிடையாது. எந்த நொடியில் எவ்வளவு விசை வரும் என்பது எரிபொருளை வார்க்கும் நாளிலேயே முடிவாகிவிடும். ஓடத்தின் பூஸ்டரில் மேல்பகுதி எரிபொருளின் நடுத்துளையை 11 முனை நட்சத்திர வடிவில் வார்த்தார்கள். அந்த வடிவம் எரிந்து தீரும்போது, புறப்பட்டு ஏறத்தாழ 50 நொடியில், விசை தானாகவே மூன்றில் ஒரு பங்கு குறையும். பறக்கும்போது யாரும் அதில் கை வைப்பதில்லை.

ஆகவே ஓட்டுபவரிடம் மிஞ்சுவது திசை ஒன்றுதான். அது போனால் திரும்பப் பிடிக்க வேறு பிடியே இல்லை. கீழே வரும் ஏற்பாடுகள் எல்லாம் ஏன் இவ்வளவு கவனமாகச் செய்யப்பட்டிருக்கின்றன என்பதற்கு இதுதான் காரணம்.

நாசிலைச் சாய்த்தால் ராக்கெட் எந்தப் பக்கம் திரும்பும்?

நாசில் என்பது பூஸ்டரின் அடியில் இருக்கும் மணி வடிவக் குழல். வாயு அதன் வழியாகத்தான் வெளியே பாய்கிறது. வாயு வலப்பக்கமாகச் சாய்ந்து பாய்ந்தால், எதிர்விசை ராக்கெட்டின் வாலை இடப்பக்கம் தள்ளும். வால் இடது பக்கம் போக, மூக்கு வலது பக்கம் திரும்பும். முழு ராக்கெட்டும் தன் எடைமையத்தைச் சுற்றிச் சுழல்கிறது, அவ்வளவுதான்.

இதற்குப் பெரிய சாய்வு தேவையில்லை. விண்வெளி ஓடத்தின் பூஸ்டர் ஒவ்வொன்றும் புறப்படும்போது சுமார் 1,250 டன் விசை தந்தது. நாசிலை ஒரே ஒரு டிகிரி சாய்த்தால் பக்கவாட்டில் ஏறத்தாழ 22 டன் கிடைக்கும். ஐந்து டிகிரி என்றால் 100 டன்னுக்கும் மேல். அந்த ஐந்து டிகிரிக்காக மேல்நோக்கிய தள்ளலில் இழப்பது அரை சதவீதத்துக்கும் குறைவு. விசை இவ்வளவு இருப்பதால்தான் சின்ன அசைவே போதுமாக இருக்கிறது. ஓடத்தின் நாசில் எட்டு டிகிரி வரை சாயக்கூடியதாக இருந்தது.

3,000 டிகிரிக்கு மேல் வெப்பம், உள்ளே பயங்கர அழுத்தம். அந்த இடத்தில் நாசில் எப்படி அசைகிறது?

இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பொருள் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திரவ எரிபொருள் எஞ்சினில் முழு எஞ்சினையும் ஒரு மூட்டில் மாட்டிச் சாய்க்கலாம். திட மோட்டாரில் எரியும் அறை என்பதே முழு பூஸ்டர்தான். அதைச் சாய்க்க முடியாது, நாசிலை மட்டுமே அசைக்க வேண்டும். ஆனால் நாசிலுக்கும் உடலுக்கும் நடுவில் சாதாரணச் சுழல் மூட்டு வைத்தால் இடைவெளி வரும். இடைவெளி இருந்தால் வாயு கசியும். உருகிய அலுமினிய ஆக்சைடு கலந்த அந்த வாயு ஒரு சின்னக் கசிவைக்கூட நொடிகளில் பெரிய ஓட்டையாக்கிவிடும்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு நெகிழ் பேரிங். மெல்லிய எஃகு வளையங்களையும் ரப்பர் படலங்களையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்றோடொன்று ஒட்டிய கனத்த வளையம் அது. ஒவ்வொரு படலமும் தட்டையாக இல்லாமல் கோளத்தின் ஒரு துண்டுபோல வளைந்திருக்கும். எல்லா வளைவுகளுக்கும் மையம் ஒன்றே. நாசில் அந்த மையத்தைச் சுற்றித்தான் சாய்கிறது.

ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. மெல்லிய தகடாக அடைத்து வைத்து மேலிருந்து அழுத்தினால் கிட்டத்தட்ட அசையவே அசையாது. பக்கவாட்டில் இழுத்தால் எளிதாக நெகிழ்ந்து கொடுக்கும். உள்ளே இருக்கும் அழுத்தம் பேரிங்கை நசுக்கப் பார்க்கிறது, அந்தத் திசையில் அது இறுகி நிற்கிறது. நாசிலைச் சாய்க்கும்போது ஒவ்வொரு ரப்பர் படலமும் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்க, எல்லாம் சேர்ந்து ஐந்து, எட்டு டிகிரி ஆகிவிடுகிறது. இடைவெளி என்பதே இல்லை. எதுவும் எதன்மேலும் உரசுவதும் இல்லை. மூட்டாகவும் அடைப்பாகவும் ஒரே பொருள் வேலை செய்கிறது. வெப்பம் ரப்பரைத் தொடாதபடி அதற்கு முன்னால் தனிக் காப்புறை இருக்கும்.

அந்தக் கனத்த நாசிலைத் தள்ளுவது எது?

பெரும்பாலும் ஹைட்ராலிக் ஆக்சுவேட்டர்கள், அதாவது எண்ணெய் அழுத்தத்தால் நீண்டு சுருங்கும் தண்டுகள். ஒரு நாசிலுக்கு இரண்டு, ஒன்றுக்கொன்று 90 டிகிரியில். ஒன்று ஒரு திசைக்கு, மற்றது குறுக்குத் திசைக்கு. இரண்டையும் சேர்த்து இயக்கினால் எந்தப் பக்கமும் சாய்க்கலாம்.

எண்ணெய்க்கு அழுத்தம் எங்கிருந்து? விண்வெளி ஓடத்தின் பூஸ்டர் ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு தனித்தனி ஹைட்ராலிக் நிலையங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் சுமார் 10 கிலோ ஹைட்ரசீன் என்ற திரவ எரிபொருள். அது ஒரு வினையூக்கிப் படுகைமேல் பட்டதும் சூடான வாயுவாகச் சிதையும். அந்த வாயு ஒரு சின்ன டர்பைனை நிமிடத்துக்கு 72,000 சுற்று சுழற்றும். டர்பைன் பல்சக்கரங்கள் வழியாக எண்ணெய் பம்பை ஓட்டும். புறப்பாட்டுக்கு 28 நொடி முன்னால் இது தொடங்கிவிடும். ஒவ்வொரு நிலையமும் இரண்டு ஆக்சுவேட்டர்களோடும் இணைக்கப்பட்டிருந்தது. ஒன்று நின்றுபோனால் மற்றது கொஞ்சம் கூடுதல் வேகத்தில் ஓடி இரண்டையும் தாங்கும். 500 டன் எரிபொருள் எரியும் பூஸ்டர் திரும்புவது பத்துப் பத்துக் கிலோ ஹைட்ரசீனை நம்பித்தான்!

எல்லா இடத்திலும் டர்பைன் இல்லை. இந்தியாவின் எல்விஎம்3 ராக்கெட்டில் இருக்கும் எஸ்200 பூஸ்டரில் தொட்டியிலேயே நைட்ரஜன் அழுத்தத்தில் அடைத்துவைத்த எண்ணெய் ஆக்சுவேட்டரை இயக்குகிறது. பம்ப் இல்லை என்பதால் எளிமை அதிகம். ஆனால் இருக்கும் எண்ணெய் பயணம் முடியும்வரை போதுமா என்று முன்கூட்டியே சரியாகக் கணக்கிட வேண்டும்.

ஒரு வால்வு கெட்டுப்போய்த் தவறான பக்கம் தள்ளினால்?

ஓடத்தின் ஆக்சுவேட்டர் ஒவ்வொன்றிலும் கட்டளை வாங்கும் வால்வுகள் நான்கு. நான்கும் ஒரே தண்டை அசைக்கும். ஒன்று மட்டும் முரண்டுபிடித்தால் மற்ற மூன்றும் சேர்ந்து அதை மீறித் தள்ளும், பிறகு அது இணைப்பிலிருந்து கழற்றிவிடப்படும்.

நாசிலைச் சாய்த்தால் மூக்கு திரும்புகிறது, சரி. ராக்கெட் தன்னைத்தானே சுற்றுவதை எப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள்?

நடு அச்சில் ஒரே நாசில் இருந்தால் முடியாது. எப்படிச் சாய்த்தாலும் விசை அச்சின் வழியாகவே போகும், உருட்டும் விசை வராது. 2009 அக்டோபரில் நாசா பறக்கவிட்ட ஏரிஸ் 1-எக்ஸ் ராக்கெட்டின் கீழ்க்கட்டம் ஒற்றைத் திட மோட்டார். உருளலைத் தடுக்க அதன் மேற்பகுதியில் தனியாகச் சிறு உந்திகள் வைக்க வேண்டியிருந்தது.

இரண்டு பக்கம் இரண்டு பூஸ்டர் இருந்தால் வேலை சுலபம். ஒன்றின் நாசிலை முன்பக்கமும் மற்றதன் நாசிலைப் பின்பக்கமும் சாய்த்தால் ராக்கெட் உருளும். விண்வெளி ஓடம் கோபுரத்தைத் தாண்டியதும் கம்பீரமாக உருண்டு முதுகைத் தரைப்பக்கம் காட்டுமே, அதில் பெரும்பங்கு பூஸ்டர் நாசில்களுடையது.

நாசிலை அசைக்காமலே திருப்ப முடியாதா?

முடியும். பிஎஸ்எல்வி அப்படித்தான் செய்கிறது. அதன் முதல் கட்டத் திட மோட்டாரின் நாசில் அசையாது. பாயும் வாயுவுக்குள் பக்கவாட்டிலிருந்து ஒரு திரவத்தைப் பீய்ச்சுவார்கள்.

நாசிலின் விரிந்த பகுதியில் வாயு ஒலியைவிடப் பலமடங்கு வேகத்தில் பாய்கிறது. அதன் குறுக்கே திடீரென்று திரவம் நுழைந்தால், அந்த இடத்தில் சாய்வான ஓர் அதிர்ச்சி அலை உருவாகும். அலைக்குப் பின்னால் சுவரின்மேல் அழுத்தம் எகிறும். ஒரு பக்கச் சுவரில் மட்டும் அழுத்தம் கூடினால் நாசில் அந்தப் பக்கம் தள்ளப்படும், வாயு எதிர்ப்பக்கம் வளையும். அசையும் பாகம் என்று பார்த்தால் வால்வுகள் மட்டும்தான்.

பிஎஸ்எல்வியில் பீய்ச்சப்படுவது ஸ்ட்ரான்சியம் பெர்குளோரேட் கரைசல். நாசிலைச் சுற்றி 24 வால்வுகள் இருக்கின்றன, எந்தப் பக்கம் தேவையோ அந்தப் பக்கத்தவை திறக்கும். அடுத்தமுறை படம் பார்க்கும்போது முதல் கட்டத்தின் அருகில் ஒட்டியிருக்கும் இரண்டு ஒல்லியான உருளைகளைக் கவனியுங்கள். அவை பூஸ்டர் அல்ல, இந்தக் கரைசல் தொட்டிகள்.

அமெரிக்காவின் டைட்டன் 3 வரிசை ராக்கெட்டுகளின் திட பூஸ்டர்களும் இதே முறையைத்தான் வைத்திருந்தன. அங்கே திரவம் நைட்ரஜன் டெட்ராக்சைடு. டைட்டன் 4-பி வந்தபோது பூஸ்டர்கள் அசையும் நாசிலுக்கு மாறின. சுமந்து போகும் திரவத்தின் எடை இந்த முறையின் பெரிய குறை. வாயுவை வளைக்கும் அளவும் குறைவுதான்.

எப்போது, எவ்வளவு சாய்க்க வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்?

மனிதர் யாரும் இல்லை. கணினிதான், நொடிக்குப் பலமுறை.

உள்ளங்கையில் நீண்ட கோலை நிறுத்திப் பார்த்திருப்பீர்கள். கோல் சாயத் தொடங்கும்போதே கை நகர்ந்தாக வேண்டும். ராக்கெட்டும் கீழிருந்து தள்ளப்படும் நீண்ட உடல், அதை விட்டுவிட்டால் தானாக நேராக நிற்காது. கைரோக்கள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்று அளந்து சொல்லும். கணினி இருக்கவேண்டிய நிலையோடு ஒப்பிட்டு நாசிலுக்குக் கட்டளை அனுப்பும். ஓடத்தில் சாயும் வேகத்தை அளக்கும் கைரோக்கள் பூஸ்டர்களின் மேல்பகுதியிலேயே இருந்தன.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ராக்கெட் இரும்புத் தூண் மாதிரி விறைப்பானது அல்ல, பறக்கும்போது அதிரும், வளையும், முறுக்கும். கைரோவுக்கு அந்த அதிர்வும் சாய்வாகவே தெரியும். கணினி அதைச் சரிசெய்யப் போய் நாசிலை ஆட்டினால் அதிர்வு குறையாமல் கூடிவிடலாம்.

1998 ஆகஸ்டில் டெல்டா 3 ராக்கெட்டின் முதல் பயணத்தில் நடந்தது இதுதான். நொடிக்கு நான்கு முறை வரும் ஓர் உருளல் அதிர்வைக் கட்டுப்பாட்டு வடிவமைப்பில் கணக்கில் எடுக்கவில்லை. அதன் ஒன்பது பூஸ்டர்களில் அசையும் நாசில் கொண்ட மூன்றும் அந்த அதிர்வைத் துரத்தி ஆடிக்கொண்டே இருந்தன. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஹைட்ராலிக் எண்ணெய் செலவானது. ஒரு நிமிடம் தாண்டிச் சில நொடிகளில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. நாசில்கள் அப்படியே உறைந்துபோக, ராக்கெட் கட்டுப்பாட்டை இழந்து உடைந்தது. மோட்டாரில் குறை இல்லை, நாசிலில் குறை இல்லை. தேவையில்லாமல் திருப்பியதே அதைக் கொன்றது. கட்டுப்பாட்டுப் பொறியியல் படிக்கும் ஒவ்வொருவரும் இந்த நிகழ்வைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அப்படியானால் திருப்பும் வேலையில் பெரும்பகுதி திரும்பாமல் பார்த்துக்கொள்வதுதானா?

ஆமாம், முக்கியமாகக் காற்றை எதிர்த்து. புறப்பட்ட ஏறத்தாழ ஒரு நிமிட வாக்கில் வேகமும் காற்றின் அடர்த்தியும் சேர்ந்து உடல்மேல் அழுத்தம் உச்சத்துக்கு வரும். அந்த நேரத்தில் பக்கக் காற்று அடித்தால் ராக்கெட்டின் இடுப்பே முறியலாம். அதனால் பிடிவாதமாகப் பாதையைக் காக்காமல், மூக்கைக் கொஞ்சம் காற்றின் பக்கமே திருப்பிச் சுமையைக் குறைப்பார்கள். பாதை விலகியதை மேலே போய்ச் சரிசெய்துகொள்ளலாம். இதற்காகவே ஏவும் நாளில் பலூன் விட்டு மேல்காற்றை அளப்பது வழக்கம்.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் ஓடம் 37-வது நொடியிலிருந்து கடும் காற்று மாற்றத்தைச் சந்தித்தது. அதற்கு முந்தைய எந்தப் பயணத்தையும்விடப் பூஸ்டர்களின் திருப்பு அமைப்பு அன்று அதிகமாக வேலை செய்தது, எல்லாக் கட்டளைக்கும் சரியாகவே பதில் கொடுத்தது என்று விசாரணை ஆணையம் பதிவு செய்திருக்கிறது. அன்று ஓடம் உடைந்து ஏழு பேர் இறந்ததற்குக் காரணம் திருப்பு அமைப்பு அல்ல, வலப்பக்க பூஸ்டரின் இணைப்பில் ஏற்பட்ட கசிவு.

எல்லா பூஸ்டர்களிலும் திருப்பும் வசதி உண்டா?

இல்லை. நடு எஞ்சின் தரையிலேயே எரியத் தொடங்கி, அதற்குப் போதுமான வலுவும் இருந்தால் பூஸ்டர் சும்மா தள்ளினாலே போதும். அட்லஸ் 5 பூஸ்டர்களின் நாசில் 3 டிகிரி வெளிப்பக்கம் சாய்த்துப் பொருத்தப்பட்டு அசையாமல் இருக்கும். 2016 செப்டம்பரில் ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலத்தைக் கொண்டுபோன அட்லஸ் 5-இல் ஒரே ஒரு பூஸ்டர்தான், அதுவும் ஒரு பக்கமாக! அந்தக் கோணலை முழுக்கச் சமாளித்தது நடு எஞ்சின். ஜப்பானின் எச்-2ஏ பூஸ்டரில் அசையும் நாசில் இருந்தது, அடுத்து வந்த எச்3-இன் பூஸ்டரில் அதை எடுத்துவிட்டார்கள்.

எல்விஎம்3 இதற்கு நேர் எதிர். அதன் நடுக் கட்டம் தரையில் எரிவதே இல்லை, புறப்பட்டு இரண்டு நிமிடம் நெருங்கும்போதுதான் பற்றவைக்கப்படும். சந்திரயான்-3 கிளம்பியபோது அதுவரை அதைச் சுமந்ததும் ஓட்டியதும் இரண்டு எஸ்200 பூஸ்டர்கள்தான்.

இரண்டு பூஸ்டரும் சமமாக எரியாவிட்டால்?

கொஞ்சம் வித்தியாசம் எப்போதும் இருக்கும், நாசில் சாய்வால் அதைச் சரிக்கட்டுவார்கள். வித்தியாசம் குறைவாக இருக்கவேண்டும் என்பதற்காக ஓடத்தின் இடது, வலது பூஸ்டர் பகுதிகளை ஒரே கலவையிலிருந்து ஜோடி ஜோடியாக வார்த்தார்கள். எரிந்து முடியும் கடைசி நொடிகளில்தான் வேறுபாடு அதிகம்.

கட்டளையே தவறாக இருந்தால்?

நாசில் அதற்கும் கீழ்ப்படியும். 1996 ஜூன் 4, ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட்டின் முதல் பயணம். திசை அளக்கும் கருவியின் மென்பொருள் முந்தைய ஏரியன் 4-இலிருந்து வந்தது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட்டுக்குள் அடைக்கப் போய் அது செயலிழந்தது, மாற்றுக் கருவியும் அதே காரணத்தால் ஏற்கெனவே விழுந்திருந்தது. கருவி அனுப்பிய பிழைச் செய்தியைக் கணினி உண்மையான பறப்புத் தரவாக எடுத்துக்கொண்டு நாசில்களைக் கடைசி எல்லைவரை சாய்க்கச் சொன்னது. அவை சாய்ந்தன. ராக்கெட் காற்றுக்குக் குறுக்காகத் திரும்பி உடையத் தொடங்க, 40 நொடிக்குள் தன்னைத்தானே அழித்துக்கொண்டது.

2020 நவம்பரில் வேகா ராக்கெட்டின் நான்காம் கட்டத்தில் திருப்பு அமைப்பின் கம்பிகள் இடம் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தன. அது திரவ எரிபொருள் கட்டம், ஆனால் கோட்பாடு ஒன்றுதான். கட்டளை சரி, நாசில் அசைந்தது வேறு பக்கம். இரண்டு செயற்கைக்கோள்கள் போயின.

துடுப்புகள் வைத்தால் போதாதா?

புறப்படும்போது வேகம் இல்லை, துடுப்புக்குப் பிடிமானமும் இல்லை. மேலே போனால் காற்றே இல்லை. நடுவில் கொஞ்ச நேரம் உதவும், அவ்வளவுதான்.

கழன்ற பிறகும் பூஸ்டர் திரும்புமா?

இல்லை. கழலும் முன் நாசில் நடுநிலைக்குக் கொண்டுவரப்படும். விலகிப்போவதற்கு வேறு சிறு மோட்டார்கள் உண்டு. ஓடத்தின் பூஸ்டர் ஒவ்வொன்றிலும் அப்படி எட்டு இருந்தன.

இதையெல்லாம் தரையில் சோதிக்க முடிகிறதா?

முடியும். பூஸ்டரைப் படுக்கவைத்துக் கட்டி எரிப்பார்கள். எரியும்போதே நாசிலை இப்படியும் அப்படியும் சாய்த்து, பேரிங் எவ்வளவு எதிர்க்கிறது, ஆக்சுவேட்டர் எவ்வளவு தாமதிக்கிறது என்று அளப்பார்கள். ராக்கெட்டின் வளைவும் காற்றும் அதில் வராது, அவற்றைக் கணினி மாதிரியில்தான் பார்க்க வேண்டும். ஓடத்துக்கு ஏவுதளத்திலும் கடைசிச் சோதனை ஒன்று இருந்தது. ஹைட்ராலிக் நிலையங்கள் ஓடத் தொடங்கிய சில நொடிகளில், புறப்பாட்டுக்கு ஏறத்தாழ 20 நொடி முன்னால், நாசில்களை ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார்கள். சரியாக அசையாவிட்டால் அப்போதே நிறுத்திவிடலாம். பூஸ்டர் பற்றிய பிறகு நிறுத்த வழியில்லை.

ஹைட்ராலிக் இல்லாமல் மின்சாரத்தில் செய்ய முடியாதா?

ஏற்கெனவே செய்கிறார்கள். ஐரோப்பாவின் வேகா, ஜப்பானின் எச்-2ஏ பூஸ்டர் இரண்டிலும் மின்மோட்டார் ஆக்சுவேட்டர்களே நாசிலைத் தள்ளின. எண்ணெய்க் கசிவு இல்லை, எண்ணெய் தீர்ந்துபோகுமோ என்ற பயம் இல்லை. ஹைட்ரசீன் கடும் நஞ்சு, அதை நிரப்பும் தொழிலாளர்கள் முழு உடல் காப்புடை போட்டுக்கொண்டுதான் அருகில் போக முடியும். மின்சாரத்துக்கு மாறினால் அந்த ஆபத்தான வேலை ஏவுதளத்திலிருந்து நீங்கிவிடும். பதிலுக்குச் சில நொடிகளில் பெரும் மின்சக்தி தரக்கூடிய பேட்டரிகள் வேண்டும்.